படிக்கட்டின் மேல் போட்ட பழி

உடைந்த படியில் கால் வைத்து விழுந்தேன் என்று நான் சொன்னது பொய். அம்பிட்டியப் பக்கமாக ஏறும் எங்கள் ஒழுங்கையில் உடைந்த படி ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் நான் விழுந்தது அதற்கு நாலைந்து படி மேலே, சொரசொரவென்று சிமெந்து பூசிய, குறை சொல்ல இடமில்லாத படியில். மழையில்லை, இருட்டில்லை. காலில் குதி உயர்ந்த சப்பாத்து, கையில் விடைத்தாள் கட்டு, மனதில் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களா என்ற நினைப்பு. வலது பாதம் உள்பக்கமாக மடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். ஓடி வந்தவர்கள் முதலில் என் சப்பாத்தைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குப் பட்டது. சட்டென்று கையை நீட்டி உடைந்த படியைக் காட்டிவிட்டேன்.

அந்தப் பொய்க்கு நல்ல பலன் கிடைத்தது. ஒழுங்கைக்காரர்கள் கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுத்தார்கள். டீச்சர் விழுந்த படி என்பதால் வேலையும் சீக்கிரம் நடந்தது, கைப்பிடிகூடப் போட்டார்கள். வயதானவர்கள் அதைப் பிடித்து ஏறும்போது என்னைக் கண்டால் நன்றி சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொள்கிறேன். இன்றுவரை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.

கண்டியில் நடப்பதென்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். குளத்தைச் சுற்றி வரும் மூன்று கிலோமீட்டர் சொச்சமும், தலதா வீதி, கொழும்பு வீதி என்று டவுனின் நடுப்பகுதியும்தான் சமதரை. அதை விட்டுப் பஹிரவகந்தை, ஹந்தானை, அம்பிட்டிய என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் முழங்கால் மடங்க வேண்டும். மூச்சு வாங்குவதால் எல்லாரும் ஏற்றத்தைத்தான் திட்டுவார்கள். கணுக்காலுக்கு ஆபத்து இறக்கத்தில்.

கணுக்கால் மூட்டுக்குள், இரண்டு பக்கமும் கணு எலும்புகள் கவ்விப் பிடிக்க, தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. அது முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பாதம் மேல்நோக்கி மடியும்போது அகலமான பக்கம் கவ்விக்குள் இறுக உட்காரும். விரல் நுனி கீழே போகும்போது ஒடுக்கமான பக்கம் அந்த இடத்துக்கு வர, மூட்டு இளகிவிடும். எலும்பு பார்த்துக்கொண்டிருந்த காவலைப் பிணைநார்கள் ஏற்க வேண்டிவரும். குதி உயர்ந்த சப்பாத்து சமதரையிலேயே பாதத்தை அந்த இளகிய நிலையில் நிறுத்தி வைக்கிறது. அதோடு படி இறங்கினால், பின்னால் தாங்கிப் பிடிக்க இருப்பது காற்பெருவிரல் நகத்தளவு குதி நுனிதான். கண்டியின் படிகளில் பல வருடம் நான் இறங்கியது இந்த ஏற்பாட்டோடுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டது விழுந்த பிறகு. முன்பே தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பிறந்தது ஹந்தானை மலைப்பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். அம்மா கொழுந்து பறித்தவர். அம்மாவின் பாதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. விரல்கள் தனித்தனியே விரிந்து, பெருவிரல் மற்றவற்றை விட்டு விலகி, குதி வெடிப்புகளுக்குள் தேயிலைக் கறை கறுத்துப்போய் இருக்கும். மலையில் வெறுங்கால். டவுனுக்குப் போகும் நாளில் பாட்டாச் செருப்பைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பஸ் ரோட்டுக்கு வந்ததும் பீலியில் கால் கழுவிவிட்டுப் போட்டுக்கொள்வார். செருப்பு தேயக் கூடாது என்பது ஒரு காரணம். இறக்கத்தில் செருப்போடு வந்தால் வழுக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் நம்பியதில்லை, ஏழைமையை மறைக்கச் சொல்லும் சமாதானம் என்றே நினைத்தேன்.

ஆசிரியர் நியமனம் கிடைத்து முதல் சம்பளத்தில் நான் வாங்கியது குதிச் சப்பாத்து. என் பாதமும் அம்மாவின் பாதம்தான், முன்பக்கம் அகலம். அதைக் கூர்முனைச் சப்பாத்துக்குள் திணித்தேன். சின்ன விரலில் ஆணி விழுந்தது, வெட்டி எடுத்துவிட்டு மறுபடி திணித்தேன். காலைப் பார்த்தால் தோட்டம் தெரிந்துவிடும் என்ற பயம். ஊர் எது என்று கேட்டால் கண்டி டவுன் என்பேன். பேச்சை மாற்றிக்கொள்ள முடிந்தது, சேலை கட்டும் விதத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. பாதத்தை மாற்ற முடியவில்லை, அதனால் மூடினேன்.

இந்த ஊருக்குச் சப்பாத்து எப்போதுமே அந்தஸ்துச் சமாசாரம்தான். 1660இல் பிடிபட்டுப் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாகக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தப்பிப் போய் 1681இல் ஒரு புத்தகம் போட்டார். சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கு மட்டுமே உரிய உடை, மற்றவர்கள் வெறுங்கால்தான் என்று அதில் எழுதியிருக்கிறார். பின்னால் அரசன் போய்த் துரை வந்தார். துரைக்கு எதிரே செருப்போடு நின்றால் ஏச்சு விழும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இதை ஒரு சமாதானமாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அடுத்து எழுதப்போவதற்கு இந்தச் சமாதானம் போதாது.

வகுப்பாசிரியையாக இருந்த காலத்தில் காலைக் கூட்டத்தில் சப்பாத்துப் பார்ப்பது என் பொறுப்பு. தோட்டப் பக்கமிருந்து வரும் ஒரு பிள்ளை மாரி காலத்தில் அடிக்கடி பாட்டாச் செருப்போடு வந்து நின்றாள். ஒரே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து, முதல் நாள் மழையில் நனைந்தது காயவில்லை. அவசரப்பட்டு அடுப்படியில் வைத்தால் அடி ஒட்டு விட்டுப்போகும். எனக்கு அது யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, அப்படி ஒரு சோடியைப் பாழாக்கி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். இருந்தும் அவளை வரிசைக்கு வெளியே நிறுத்தினேன். மற்றப் பிள்ளைகளை நிறுத்தியதைவிடக் கூடுதல் நேரம் நிறுத்தினேன். பரிவு காட்டினால் நானும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று சக ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று நினைத்தேன். வசதி குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க அரசாங்கம் வவுச்சர் கொடுக்கும் ஏற்பாடெல்லாம் பிறகு வந்தது. அவளுடைய காலை நான் பார்த்தது குதிச் சப்பாத்தின் மேல் நின்றுகொண்டு.

விழுந்த கதைக்கு வருகிறேன். அன்றைக்கு த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இளம் டொக்டர் ஒருவர் கணு எலும்புகளின் நுனியையும் பின்விளிம்பையும் அழுத்திப் பார்த்தார். பாதத்தின் வெளிவிளிம்பில், சின்ன விரலுக்கும் குதிக்கும் நடுவிலே தட்டுப்படும் மேட்டை அழுத்தினார். உள்பக்கத்திலும் ஓரிடத்தில் அழுத்தினார். "நாலு அடி நடந்து காட்டுங்க டீச்சர்" என்றார். நொண்டி நொண்டி நடந்தேன். முறிவில்லை, எக்ஸ்ரே தேவையில்லை என்று சொல்லிவிட்டார். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி அது. அந்த எலும்பு முனைகளில் வலி இல்லாமல், நாலு அடி வைக்கவும் முடிந்தால் முறிவு இருப்பது மிக அரிது. எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. கால் இப்படி வீங்கிக் கிடக்கிறது, ஒரு படம்கூட எடுக்கவில்லையே! தனியார் இடமொன்றில் காசு கட்டி எடுத்தேன். அதிலும் முறிவில்லை. பாடசாலையில் கேட்டவர்களிடம் "எலும்பில ஒரு சின்னக் கீறலாம்" என்றேன். சுளுக்கு என்றால் யாரும் வீட்டுக்கு வந்து பார்க்கமாட்டார்கள்.

சுளுக்கு அற்பமான விஷயமும் இல்லை. பாதம் உள்பக்கம் மடியும்போது வெளிக்கணுவுக்கு முன்னாலுள்ள பிணைநார்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். ஆறும்போது தளர்ந்தே ஆறிவிடக்கூடும். அதைவிடத் தொந்தரவான ஒன்று உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வு மழுங்கிப்போகும். தரை சாய்வாக இருக்கிறது என்ற செய்தி தாமதமாக வந்தால், காலின் வெளிப்பக்கத் தசைகள் இழுத்துப் பிடிப்பதற்குள் பாதம் மடிந்துவிடும். சுளுக்கு ஆறிய பிறகும் கால் திடீர் திடீரென்று விட்டுப்போகிறது என்று வருகிறவர்களைப் பற்றி ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1965இல் எழுதியது இதைத்தான். ஆடும் பலகையின் மேல் நின்று பழகச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

எனக்குக் கிடைத்த இயன்மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஒற்றைக் காலில் நிற்பது, குதியை உயர்த்தி இறக்குவது, பழைய சைக்கிள் டியூப்பை மேசைக் காலில் கட்டிப் பாதத்தால் வெளிப்பக்கமாக இழுப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டுவது என்று நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்துத் தாளிலும் எழுதித் தந்தார். பல வருடம் குதிச் சப்பாத்துப் போட்டதில் கெண்டைத் தசை இறுகிப்போயிருக்கிறது என்று விளக்கினார். தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். வீக்கம் வடியும்வரை செய்தேன். பிறகு சித்தாலேப தேய்த்தேன், முறிவு நெறிவு எண்ணெய் போட்டுக் கட்டினேன். தேய்ப்பதும் கட்டுவதும் சுகமான வைத்தியம், மகள் செய்துவிடுவாள். ஒற்றைக் காலில் நானேதான் நிற்க வேண்டும்.

"செய்றீங்கதானே டீச்சர்?"

"ஆமா, தவறாம."

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

கால் மறுபடி மறுபடி பிசகியது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, சந்தைக்குள், ஒருமுறை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. அப்போது எனக்குத் தோன்றிய வழி காசு. கணுக்காலுக்கு மேல்வரை லேஸ் கட்டும் மலையேற்றச் சப்பாத்து ஒன்று, கொழும்பில் இருந்து சொல்லி வரவழைத்தேன். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன். இவ்வளவு உயரத்துக்கு இறுக்கிக் கட்டினால் கால் எங்கே மடியும் என்பது என் கணக்கு. அமெரிக்காவில் 600க்கு மேற்பட்ட கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கு உயர்ந்த கழுத்துள்ள சப்பாத்தும் தாழ்ந்த சப்பாத்துமாகப் பிரித்துக் கொடுத்து விளையாட விட்டுப் பார்த்த ஆய்வொன்று 1993இல் வந்திருக்கிறது. சுளுக்கு விழுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நெதர்லாந்தில் சுளுக்கு ஆறிய 522 விளையாட்டுக்காரர்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். 2009இல் வெளியான முடிவுப்படி, ஒரு வருடத்துக்குள் மறுபடி சுளுக்கியவர்கள் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், செய்யாதவர்களில் 33 சதவீதம். இரும்புக் கவசம் இல்லை, ஆனால் சும்மா கிடைக்கும் லாபம். எனக்குக் காசு கொடுத்து வாங்கும் லாபத்தில்தான் நம்பிக்கை.

அந்தச் சப்பாத்தோடு ஆசிரியர்கள் ஒரு கூட்டமாக ஹந்தானை மலைக்குப் போனோம். தேயிலை நூதனசாலைக்கு மேலே, மலைகளுக்கிடையில் நடக்கும் பாதை. போகும்போது நான்தான் முன்னால். என் காலை எல்லாரும் பார்த்தார்கள், விலையும் கேட்டார்கள். இந்தமுறை வீட்டில் சொன்னதைவிட இரண்டு மடங்காகச் சொன்னேன், அதாவது உண்மையான விலை. இறங்கும்போது கான் ஓரத்தில் உருண்டு கிடந்த கல்லில் வலது கால் பட்டது. கழுத்து உயர்ந்த சப்பாத்தோடு சேர்ந்தே பாதம் மடிந்தது. குந்திவிட்டேன்.

நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இறங்கி வந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, இரண்டு பேர் காலில் தேய்ந்த பாட்டா, மூத்தவர் வெறுங்கால். அவர்தான் என் லேஸைத் தளர்த்தியவர். பாதத்தைக் கையில் ஏந்தி விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் நல்ல சாமானாத்தான் இருக்கு தாயி. காலுக்குத்தான் மலை பழக்கமில்ல போல."

சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். கிழவி சிரிக்கவில்லை. என் பாதத்தை இன்னும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த அகலத்தை, விலகி நிற்கும் பெருவிரலை.

"எந்தப் பக்கம் தாயி நீங்க?"

அந்தப் பாதையிலிருந்து நான் பிறந்த லயம் அதிக தூரமில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

"கண்டி டவுன்" என்றேன்.

இதைப் படித்துவிட்டு வெறுங்கால்தான் உத்தமம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தென்னிந்தியாவில் ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 2300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்து 1992இல் எழுதினார்கள். சிறுவயதிலேயே காலணிக்குப் பழகியவர்களிடம் தட்டைப்பாதம் கூடுதலாகவும் வெறுங்காலில் நடந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. அது உண்மை. தோட்டத்து மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறிய கொக்கிப்புழு எங்கள் பாட்டன் பாட்டிமாரின் இரத்தத்தைக் குடித்ததும் உண்மை. 1910களின் நடுவில் அமெரிக்காவின் ரொக்கஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் அதற்கென்றே ஒரு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. வெறுங்காலின் பெருமையைப் பேச, சப்பாத்து வாங்க வழியுள்ளவர்களுக்குத்தான் நேரமிருக்கிறது. அம்மாவுக்கு நல்ல சப்பாத்துக் கிடைத்திருந்தால் போட்டிருப்பார்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தச் சப்பாத்தையும் சாட்சிக்குக் கொண்டுபோனேன், இதுவும் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல. இயன்மருத்துவர் அதை வாங்கி அமுக்கிப் பார்த்து, நல்ல சப்பாத்து என்றார். என்னை வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடிய மறுகணமே கட்டில் விளிம்பைப் பிடித்துவிட்டேன். இடது காலில் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. "தாள் இன்னும் இருக்கா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நான் அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பயிற்சி செய்யாததை.

நான் தினமும் போடும் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி மேசைமேல் வைத்தார். அப்படி வைத்துப் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை. வலது சப்பாத்தின் குதி வெளிப்பக்கம் சரிவாகத் தேய்ந்து, சமமான மேசையிலேயே சாய்ந்து நின்றது. அதற்குள் கால் வைத்த கணமே பாதி மடிந்த மாதிரித்தான். புதிது வாங்கப் பின்னேரத்தில் போகச் சொன்னார், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும்.

கொழும்பு வீதியில் ஒரு கடைப் பையன் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தான். நான் பழக்கதோஷத்தில் கூர்முனைச் சப்பாத்துத் தட்டின் முன்னால் நின்றேன்.

"அது ஃபங்ஷனுக்கு மிஸ். நடக்கவெண்டா வேற தாரேன்."

ஒரு சப்பாத்தை எடுத்து, பின்பக்கத்துக் குதிச் சுவரைப் பெருவிரலால் அமுக்கினான், அமுங்கவில்லை. இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினான், முறுக இடங்கொடுக்கவில்லை. முன்பக்கத்தை மடித்தான், விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் மடிந்தது. பிறகு நான் கையில் வைத்திருந்த சோடியை வாங்கி முறுக்கினான். இரண்டு சுற்று வந்தது. லேஸ் உள்ளது, அடி அகலமானது, குதி தாழ்ந்தது, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் உள்ளது என்று எடுத்துத் தந்தான். ஆம்பிளைகள் அளவில் பார்த்தால்தான் என் பாத அகலத்துக்குச் சரிவந்தது. அதையும் அவன் சத்தமாகவே சொன்னான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நின்று போட்டுப் பார்த்து, வாங்கிக்கொண்டு வந்தேன். பார்க்க லட்சணமில்லை.

இப்போது அடுப்படியில், பால் பொங்கும் நேரத்தில், வலது காலில் நிற்கிறேன். முதலில் வெறும் தரையில், பிறகு மடித்த துவாய்மேல், பிறகு கண்ணை மூடி. பாதத்தின் தசைகள் அங்குமிங்கும் துடித்துத் துடித்துச் சரிசெய்வதைக் குனிந்து பார்த்தால் காணலாம். ஆரம்பத்தில் எரிச்சல்தான் வந்தது, இந்த வயதில் நிற்கப் பழக வேண்டியிருக்கிறதே என்று. ஒரு கட்டத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பாதம் சரிந்து தானாகவே நிமிர்ந்ததைக் கவனித்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம் பயிற்சியையே விட்டுவிட்டேன். குதிச் சப்பாத்தையும் எறியவில்லை. கலியாண வீட்டுக்குப் பையில் வைத்துக் கொண்டுபோய் மண்டப வாசலில் மாற்றிக்கொள்கிறேன்.

போன கிளினிக்கில் இயன்மருத்துவர் வழக்கம்போலக் கேட்டார். வாரத்தில் பாதி நாள் செய்கிறேன், மழை நாளில் செய்வதில்லை, விருந்தாளி வந்தால் செய்வதில்லை என்றேன். அட்டையில் "பாதி நாள்" என்று எழுதிக்கொண்டு, வலது காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார்.